கிறிஸ்துமஸ் விடுமுறையில் எந்நகர் செல்வோம்?



அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் உங்கள் உள்ளத்தில் எழும் முதல் வினா யாது? "விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போகலாம்?" என்பதே அன்றோ? கிறிஸ்துமஸ் திருநாளை ஒட்டி வரும் இவ்விடுமுறை, கோடை விடுமுறையைப் போல நீண்டதன்று. உறவினர் வீடு, வீட்டு வேலை, பாட வேலை ஆகியவை போக எஞ்சுவன இரண்டு அல்லது மூன்று நாள்களே. அவற்றை ஒரு நகரைக் காண்பதற்கெனச் செலவிடுவதாயின், எந்நகரைத் தேர்வது, எம்முறையில் தேர்வது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பொட்டிபுரத்திலும் போடிநாயக்கனூரிலும், அவற்றை அடுத்த ஏலமலைச் சரிவுகளிலும் வாழும் பிள்ளைகளை முன்னிறுத்தியே பேசப் போகிறேன். ஆயினும் நான் கூறும் முறை எவ்வூரார்க்கும் பொருந்தும்.

டிசம்பர் இறுதியில் நகரங்களை நோக்கிப் பயணப்படும் வழக்கம் நம் நாட்டில் இன்று நேற்று வந்ததன்று. இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு 1885ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பம்பாயில் தொடங்கியது. மறு ஆண்டு கல்கத்தாவிலும், 1887இல் சென்னையிலும் அதே கிறிஸ்துமஸ் வாரத்தில் பேராளர்கள் கூடினர். காரணம் எளியது. அவ்வாரத்தில் நீதிமன்றங்கட்கும் கல்லூரிகட்கும் விடுமுறை. வழக்கறிஞர்க்கும் ஆசிரியர்க்கும் தொலைவழி செல்ல அப்போதுதான் ஓய்வு வாய்த்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது, அதனை ஒட்டி இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் பயனாக 1928இல் சென்னை மியூசிக் அகாதெமி தோன்றியது. ஒரு வார விடுமுறையில் நகருக்குச் சென்றவர்கள் ஒரு நாட்டின் அரசியலுக்கும் ஒரு கலையின் வாழ்வுக்கும் வழிகோலினர் என்பதை நினைத்துப் பாருங்கள். விடுமுறை சிறிதாயினும் அதன் பயன் சிறிதாக வேண்டுவதில்லை.

இனி, ஒரு நகரைத் தேர்வதற்குமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு. முதலாவது, அந்நகரில் நாம் அறிய விரும்பும் பொருள் யாது? இரண்டாவது, நாம் செல்லும் திங்களில் அங்கு வானிலை எவ்வாறிருக்கும்? மூன்றாவது, நம் கையிலுள்ள நாள்களும் பணமும் அதற்குப் போதுமா? நான்காவது, அந்நகருக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பு யாது? இவற்றுள் முதல் மூன்றையும் பெரும்பாலோர் எவ்வாறோ கேட்டுவிடுகின்றனர். நான்காவதை எவரும் கேட்பதில்லை. என் கருத்தில் அதுவே தலையாயது. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் சென்னையை எடுத்துக்கொள்வோம். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகமும், 1896இல் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகமும், நீண்ட கடற்கரையும் மாணவர் எவரும் ஒருமுறையேனும் காண வேண்டியவை. டிசம்பரில் அங்கு இசை விழாக்களும் நடைபெறும். இசை பயிலும் மாணவர்க்கு அதனினும் சிறந்த பருவம் வேறில்லை. ஆனால் இரண்டாம் வினாவைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை கீழைக் கடற்கரையில் பெய்யும் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் நகரையே தாக்கியது. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை பல பகுதிகளை நீரில் ஆழ்த்தியது. டிசம்பரின் கடைசி வாரம் இவ்வளவு கடுமையாக இராது என்பது உண்மையே. எனினும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் சென்று, அறைக்குள் அடைபட்டுத் திரும்பும் நிலை வரலாம். போகவும் வரவும் இரண்டு இரவுகள் கழியும். மூன்று நாளே உள்ளவர்க்குச் சென்னையைக் கோடைக்குமுன் வேறொரு பருவத்திற்கு ஒதுக்கி வைப்பது நன்று.

அடுத்துத் தஞ்சை. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய பெரிய கோயிலும், சரசுவதி மகால் நூலகமும் அந்நகரின் இரு கண்கள். கிறிஸ்துமஸ் நாளுக்கு ஏற்றதொரு காட்சியும் அங்கு உண்டு. ஸ்வார்ட்ஸ் பாதிரியார் 1779இல் கட்டிய தேவாலயத்தில், இரண்டாம் சரபோசி மன்னர் தம் ஆசானாகிய அப்பாதிரியாருக்கு எடுப்பித்த பளிங்குச் சிற்பம் உள்ளது. ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கியது அது. இறக்கும் தறுவாயிலுள்ள ஆசிரியரின் அருகே மன்னர் நிற்பதாக அமைந்த அதனை, மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து காண வேண்டும்.

மதுரையோ நமக்கு வாயிற்படி. போடியிலிருந்து புகைவண்டியில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கட்டணமும் மிகக் குறைவு. இந்தப் பாதை 1928இல் அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. விடுதலைக்குப்பின் மீண்டும் பதிக்கப்பட்டன. அகலப் பாதை அமைப்பதற்காக 2010 இறுதியில் நின்ற வண்டி, 2023 ஜூன் 15இல் போடிக்கு மீண்டும் வந்தது. மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் அறியாதார் இல்லை. 1959இல் திறக்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகமும், 2023இல் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகமும், அதே ஆண்டில் கீழடியில் திறக்கப்பெற்ற அருங்காட்சியகமும் இன்னும் பலர் காணாதவை. இதுவரை மதுரையைச் செவ்வையாகக் காணாத மாணவர் இருப்பின், அவர் வேறெங்கும் செல்ல வேண்டா. அருகிலுள்ளதை அறியாமல் தொலைவிலுள்ளதைத் தேடுவோர், அரிச்சுவடி கல்லாமல் காப்பியம் கற்கப் புகுவோரை ஒப்பர். மதுரையை அறிந்தவர்க்கே நான் இனிச் சொல்லப் போவது.

போடிநாயக்கனூரின் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அதன் எண் 85. அதன் கீழ்த்திசை முனை எது, மேல்திசை முனை எது என்று கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவீர்கள்? கிழக்கே அது மதுரை கடந்து தொண்டி வரை செல்கிறது; எண் மாறுவதற்குமுன் மதுரை, இராமநாதபுரம் கடந்து தனுஷ்கோடி வரை சென்றது. அங்கு இன்று நகரம் இல்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலும் அதனோடு எழுந்த கடலும், பயணிகளோடு புகைவண்டி ஒன்றையும் அவ்வூரையும் அழித்துவிட்டன. மேற்கே அது போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளில் ஏறி, பூப்பாறை, மூணாறு, அடிமாலி, கோதமங்கலம் வழியே இறங்கிக் கொச்சியைச் சென்று சேர்கிறது. நமக்கும் கொச்சிக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நம் வீட்டு வாசலில் தொடங்கும் சாலை எந்நகரில் முடிகிறதோ, அந்நகரை இக்கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் பரிந்துரைக்கிறேன்.

மூணாற்றோடு நின்றுவிடலாகாதா என்று சிலர் கேட்கலாம். மலையழகு நமக்குப் புதிதன்று; நகர் காண்பதே நம் நோக்கம். மேலும் அவ்வாரத்தில் பல மாநிலத்தாரின் வண்டிகளும் மூணாற்றில் வந்து குவிவதால், ஒரு நாளிற் பாதி சாலையிலேயே கழிந்துவிடும்.

நம் நான்கு வினாக்களுக்கும் கொச்சி என்ன விடை தருகிறது என்று பார்ப்போம். வானிலையை முதலில் நோக்குவோம். மலையாளக் கரைக்குப் பெருமழையைத் தருவது தென்மேற்குப் பருவக்காற்று. அது சூன் முதல் செப்டம்பர் வரை வீசுவது. டிசம்பரில் அங்கு மழை குறைவு, வெயிலும் தாங்கத்தக்கது. சாலையில் மட்டும் கவனம் வேண்டும். மலையில் விடியற்காலையில் பனிமூட்டம் உண்டு. நன்கு வெளிச்சம் வந்தபின் போடிமெட்டு ஏறுவதும், இருட்டுமுன் சமவெளியை அடைவதும் அறிவுடைமை. காலமும் இடமும் அறியாமல் மலையேறுவதன் தீமைக்கு, 2018 மார்ச் 11ஆம் நாள் குரங்கணிக் காட்டுத்தீயில் மாண்டோரின் நினைவே போதிய எச்சரிக்கை.

நாளும் பணமும் என்றால், மூன்று பகலும் இரண்டு இரவும் போதும். பேருந்திலேயே சென்று வரலாம். நகருக்குள் படகுகளும் 2023இல் தொடங்கிய நீர்வழி மெட்ரோவும் குறைந்த கட்டணத்தில் தீவுக்குத் தீவு கொண்டு சேர்க்கும். தண்ணீரின்மேல் ஒரு நகரம் நடமாடுவதை நம் மலையடிவாரப் பிள்ளைகள் காண்பதே தனிக் கல்வி.

இனி அறிய வேண்டிய பொருளும் நம் ஊர்த் தொடர்பும். இவ்விரண்டும் கொச்சியைப் பொறுத்தவரை ஒன்றே, அது ஏலக்காய். மலையில் மரநிழலில் விளையும் காயைப் பறித்து உலர்த்தினால், ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். அதனைப் போடியில் பெண்கள் தரம் பிரிக்கின்றனர். போடியிலும் மலைக்கு மேலுள்ள புத்தடியிலும் மின்னணு முறையில் விலை கூறி விற்கின்றனர். இவ்விற்பனையை மேற்பார்க்கும் நறுமணப் பொருள் வாரியம் 1987இல் அமைந்தது; அதன் தலைமையகம் கொச்சியில் உள்ளது. ஆகவே நம் தெருவில் புடைக்கப்படும் காயின் கணக்கு அந்நகரில் எழுதப்படுகிறது.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சியும் செய்வோம். "ஏலக்காய் ஏலம்" என்று நம் ஊரார் நாள்தோறும் கூறுகின்றனர். இதிலுள்ள இரண்டு ஏலமும் ஒன்றல்ல. முன்னது நறுமணப் பொருளைக் குறிக்கும் பழஞ்சொல். பின்னது, விலை கூறி விற்றலைக் குறிக்கும் "லெயிலாம்" என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லின் திரிபு. சன்னல், அலமாரி, சாவி, மேசை, பாதிரி என்பனவும் அம்மொழியிலிருந்து நம்மிடம் வந்தவையே. அம்மொழி பேசுவோரை இக்கடற்கரைக்கு இழுத்து வந்தவை எவை? மிளகும் ஏலமும் இஞ்சியும். நம் மலையில் விளைந்த பொருள் ஓர் ஐரோப்பிய இனத்தை வரவழைத்தது. அவ்வினம் அப்பொருளை விற்கும் முறைக்கு ஒரு பெயரை நமக்கு விட்டுச் சென்றது. பாடநூலில் "புதிய கடல்வழி கண்டுபிடிக்கப்பட்டது" என்று படிக்கும் வரிக்கும் போடிச் சந்தைக்கும் உள்ள உறவு இப்போது விளங்குகிறதா?

கோட்டைக் கொச்சியிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்திற்குச் செல்லுங்கள். 1503இல் மரத்தால் எழுந்து, பின்னர்க் கல்லால் மாற்றிக் கட்டப்பெற்ற கோயில் அது. மூன்றாம் முறையாக இந்தியா வந்த வாஸ்கோடகாமா, 1524 டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு முந்திய நாளில், கொச்சியில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். சில ஆண்டுகட்குப்பின் உடலைப் போர்ச்சுகலுக்குக் கொண்டு சென்றனர். முதற்பயணத்தில் 1497ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளை ஒட்டித் தென்னாப்பிரிக்கக் கரையைக் கடந்தபோது அவர் இட்ட பெயரே "நேட்டால்" என்பது. அச்சொல் கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும். இவற்றை அறிந்து வியக்கும் மாணவர், அவரே 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகரின் கப்பலைத் தீயிட்டு அழித்தவர் என்பதையும் அறிய வேண்டும். கடலைக் கடந்த துணிவும் கருணையற்ற செயலும் ஒரே மனிதரிடம் இருந்தன. வரலாற்றைக் கற்பவன் ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

அத்தேவாலயமே ஒரு வரலாற்று நூல். கத்தோலிக்கரிடமிருந்த அது, 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியதும் அவர்தம் சபைக்கு உரியதாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தபின் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கோயிலாக விளங்குகிறது. சுவர்களிற் பதித்துள்ள கல்லறைக் கற்களைப் படித்தாலே, எந்தெந்த நாட்டார் நம் மிளகையும் ஏலத்தையும் தேடி வந்து இம்மண்ணில் மடிந்தனர் என்பது தெரியும்.

மட்டாஞ்சேரிக்குச் சென்றால், போர்ச்சுக்கீசியர் 1555 அளவிற் கட்டிக் கொச்சி அரசர்க்கு அளித்த அரண்மனையைக் காணலாம். டச்சுக்காரர் செப்பனிட்டதால் அதற்கு டச்சு அரண்மனை என்று பெயர். உள்ளே இராமாயண ஓவியங்கள் சுவர் நிறையத் தீட்டப்பட்டுள்ளன. அருகிலேயே 1568இல் கட்டப்பெற்ற யூதர் தொழுகைக்கூடம். அதன் தரையில் சீனத்திலிருந்து வந்த, கையால் வண்ணம் தீட்டிய ஓடுகள். அங்கு வாழ்ந்த யூதருட் பெரும்பாலோர் 1948க்குப்பின் இசுரேல் நாட்டிற்குச் சென்றுவிட்டனர். வெள்ளி, சனிக்கிழமைகளில் இவ்விடங்களிற் சில மூடியிருக்கும். அந்நாள்களைத் தவிர்த்துத் திட்டமிடுக. அத்தெருவிலுள்ள கடைகளின் முன் நின்று மணத்தை முகர்ந்து பாருங்கள். அது உங்கள் வீட்டு மணம்.

நான்காவதாகத் துறைமுகம். பண்டைத் துறைமுகமாகிய முசிறியைப் பற்றியும், அங்கு யவனர் செய்த மிளகு வாணிகத்தைப் பற்றியும் சங்க இலக்கியத்திற் படித்திருப்பீர்கள். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய துறையைக் கெடுத்துக் கொச்சியின் வாயிலைத் திறந்தது என்பர். ஆயினும் அவ்வாயிலில் மணல் திட்டு ஒன்று குறுக்கிட்டதால், பெருங்கப்பல்கள் உள்ளே வர இயலவில்லை. அக்காலத்தில் மூணாற்றுத் தேயிலை எங்குச் சென்றது தெரியுமா? டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியிற் போடிக்கு வந்து, தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது! மலையின் சரக்கு அன்று நம் ஊர் வழியே கிழக்கு நோக்கிச் சென்றது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மூணாற்றிலிருந்த சிறு இருப்புப்பாதையை அழித்துவிட்டது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920இல் கொச்சிக்கு வந்து, அம்மணல் திட்டை வெட்டி வழி அமைத்து, தோண்டிய மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவை ஆக்கினார். 1928இல் கப்பல் உள்துறைமுகத்தினுள் நுழைந்தது. அதே 1928இல்தான் போடிக்குப் புகைவண்டி வந்தது என்பதை முன்னே கண்டோம். ஒரே ஆண்டில் மலையின் இருபுறமும் இரண்டு கதவுகள் திறந்தன. படகில் அத்துறைமுகத்தைச் சுற்றும்போது இதனை நினைவிற் கொள்க.

கிறிஸ்துமஸ் இரவிற் கோட்டைக் கொச்சியின் தெருக்களில் நட்சத்திர விளக்குகள் ஒளிரும். டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவில் பழைய ஆண்டின் உருவாகப் "பப்பாஞ்சி" என்ற பெரிய பொம்மையை எரிக்கும் வழக்கமும் உண்டு. அன்று கூடும் கூட்டம் அளவற்றது. சிறுவரை அழைத்துச் செல்வோர் அவ்விரவைத் தவிர்த்து, 26 முதல் 28 வரையுள்ள நாள்களைக் கொள்வது நலம். வழிபாட்டிடங்களில் அவ்வம் மதத்தார்க்குரிய ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். கையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும்.

நான்காவது வினாவைத் தலையாயதாகக் கூறியதன் காரணத்தை இப்போது சொல்கிறேன். பொட்டிபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் வைகறையில் ஜீப்புகளில் ஏறி, மலைத் தோட்டங்கட்கு வேலைக்குச் செல்லும் தாய்மார் பலர். அவர்தம் பிள்ளைகளுட் சிலர், விடுமுறை வந்தால் தாமும் உடன் சென்று காய் பறித்து, புத்தகத்திற்கும் கட்டணத்திற்கும் பணம் சேர்ப்பதை ஆசிரியப் பணியில் இருந்த நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். அவர்கட்குப் போடிமெட்டுச் சாலை கூலிக்குச் செல்லும் சாலை. அது தோட்டத்தோடு முடிந்துவிடுவதாகவே எண்ணி வளர்கின்றனர். தாய் பறிக்கும் காய் அரபு நாட்டாரின் காப்பியில் மணக்கிறது என்பதையோ, நார்வே நாட்டார் கிறிஸ்துமசுக்குச் சுடும் இனிப்பு ரொட்டியில் ஏலக்காய் சேர்கிறது என்பதையோ, குவாதமாலா என்ற நாடு இருபதாம் நூற்றாண்டிற் பயிரிடத் தொடங்கி இன்று உலகச் சந்தையில் நம்மை முந்தி நிற்பதால் இங்குக் காயின் விலை ஏறி இறங்குகிறது என்பதையோ அப்பிள்ளைகட்கு எவரும் சொல்வதில்லை. தன் தாயின் உழைப்பு உலகில் எங்குச் சென்று சேர்கிறது என்று அறியாத பிள்ளை, அவ்வுழைப்பைச் சிறிதாகவே மதிப்பான். தன்னையும் சிறிதாகவே மதிப்பான். படிப்பை இடையில் விட்டுவிடுவதற்கு வறுமை மட்டுமன்று, இந்தத் தாழ்வெண்ணமும் ஒரு காரணம். சாலையின் மறுமுனையைக் கண்டவனுக்கு அவ்வெண்ணம் நீங்கும்.

ஆகவே, ஆசிரியர்கட்கும் வசதியுள்ள பெற்றோர்கட்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காத பிள்ளைகளை, "விருப்பமில்லை போலும்" என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் விருப்பமின்மை அன்று, பணமின்மையே அங்குத் தடை. சூன் திங்கள் முதற்கொண்டு வாரந்தோறும் சிறு தொகை சேர்க்கும் முறையை வகுப்பில் ஏற்படுத்தலாம். குறையும் தொகையை ஊரார் தரலாம். ஐம்பது பேர் செல்லும் வண்டியில், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் ஐவரேனும் இடம்பெறட்டும். அவர்கள் கூலி இழக்கும் நாள்களையும் கணக்கிற் கொள்ளுங்கள்.

மாணவர்களே, சென்று வரும் வாய்ப்புப் பெற்றவர்கள், கண்டதை மறுவாரம் வகுப்பில் பத்து நிமிடமேனும் எடுத்துரைக்க வேண்டும். செல்ல இயலாதவர்களும் வாடியிருக்க வேண்டா. நிலப்படத்தை விரித்து, நம் சாலையைப் போடியிலிருந்து விரலால் தொடர்ந்து செல்லுங்கள். வழியிலுள்ள ஊர்ப் பெயர்களை எழுதுங்கள். ஏலக்காய் ஏலத்தைப் பற்றி உங்கள் ஊர் வணிகரிடம் கேளுங்கள். ஓராண்டு அவ்வாறு ஆயத்தமானவர், மறு ஆண்டு செல்லும்போது மற்றவரினும் மிகுதியாகக் காண்பார். நகர் எதுவாயினும் ஆகுக; செல்லுமுன் நான்கு வினாக்களையும் கேளுங்கள். முதல் மூன்றும் உங்களைப் பத்திரமாக அழைத்துச் சென்று திருப்பிக் கொண்டுவரும். நான்காவது, திரும்பி வந்த ஊரை முன்னினும் பெரிதாகக் காட்டும்.